‘போதும்’ என்னும் சொல்: தமிழகக் குடும்பக் கட்டுப்பாட்டு வரலாற்றில் குழந்தையின் தன்மதிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தில் குடும்பக் கட்டுப்பாடு குறித்த பேச்சு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் தொடர்ந்து நடைபெற்று வருகிறது. அப்பேச்சில் நாட்டின் வறுமை, தாயின் உடல்நலம், பெண்ணின் விடுதலை, குடும்பத்தின் வளம் ஆகியவை இடம்பெற்றன. பெற்றோர் எத்தனை பிள்ளைகள் வேண்டும், எப்பொழுது நிறுத்த வேண்டும் என்று எடுக்கும் முடிவு பிறந்த குழந்தையின் உள்ளத்தில் எவ்வாறு பதிகிறது என்னும் வினா அதே அளவிற்கு எழுப்பப்படவில்லை. ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ எனப் பெண் குழந்தைகளுக்கு இடப்பட்ட பெயர்களைச் சான்றாகக் கொண்டு, குடும்ப அளவு பற்றிய பெற்றோரின் முடிவிற்கும் குழந்தையின் தன்மதிப்பிற்கும் உள்ள தொடர்பை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், தான் வேண்டப்பட்டுப் பிறந்தோமா என்பதைக் குழந்தை எந்தெந்த வழிகளில் அறிந்துகொள்கிறது என்பதே தன்மதிப்பைப் பாதிக்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்

குடும்பக் கட்டுப்பாடு, தன்மதிப்பு, பெயரிடல், மகன் விருப்பம், பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், சுயமரியாதை இயக்கம்.

முன்னுரை

மக்கட்பேற்றைச் செல்வங்களுள் தலையாயதாகப் போற்றுவது தமிழ் மரபு. திருக்குறள் இல்லறவியலில் மக்கட்பேற்றுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. அதே மரபிற்குள்தான் ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்னும் பழமொழியும் வழங்கி வருகிறது. பிள்ளைப்பேற்றைப் போற்றும் குரலும் பிறந்த பிள்ளையைச் சுமையாக எண்ணும் குரலும் ஒரே வீட்டில் ஒலித்துள்ளன. எந்தக் குரல் எந்தக் குழந்தையின் காதில் விழுந்தது என்பது அக்குழந்தை பிறந்த வரிசையையும் பாலையும் பொறுத்தே பெரிதும் அமைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பிள்ளைப்பேறு திட்டமிடத்தக்கதாக மாறியது. விதியின் செயல் என்று கருதப்பட்டது, பெற்றோரின் முடிவு என்று கருதப்படலாயிற்று. இம்மாற்றம் குழந்தையின் நிலையையும் மாற்றியது. இறைவன் கொடுத்த பிள்ளை என்னும் விளக்கம் நிலவிய காலத்தில் ‘நான் ஏன் பிறந்தேன்’ என்னும் கேள்விக்குப் பெற்றோர் விடைகூற வேண்டியதில்லை. பெற்றோர் தேர்ந்தெடுக்கக்கூடிய காலத்தில் அக்கேள்வி அவர்களை நோக்கித் திரும்புகிறது. விரும்பித்தான் பெற்றார்களா, மகனை எதிர்பார்த்திருந்தார்களா, தன்னோடு நிறுத்தியது நிறைவினாலா சலிப்பினாலா என்று குழந்தை எண்ணிப் பார்க்க இடமுண்டாகிறது.

தன்மதிப்பு என்பது ஒருவர் தம்மைத் தகுதியுடையவராக உணரும் நிலையைக் குறிக்கும் உளவியற் கலைச்சொல். தமிழகத்தில் இதற்கு நெருங்கிய சொல்லான சுயமரியாதை ஒரு சமூக இயக்கத்தின் பெயராகவும் விளங்கியது. தனிமனித உணர்வு சமூகம் தரும் மதிப்போடு பிணைந்தது என்னும் புரிதல் இச்சொல்லாட்சியிலேயே உள்ளது. அப்புரிதலே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும்.

1. கர்ப்பத்தடை முதல் குடும்ப நலம் வரை

சென்னையில் மக்கள்தொகைக் கட்டுப்பாடு குறித்த பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே தொடங்கிவிட்டது. 1920களின் இறுதியில் சென்னையில் நவமால்தூசியர் சங்கம் செயற்படத் தொடங்கியது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் வேப்பா ராமேசம் போன்றோர் அதில் பங்குகொண்டனர். மக்கள்தொகைப் பெருக்கமே வறுமைக்குக் காரணம் என்பதும், தாய்மாரின் உடல்நலம் காக்கப்பட வேண்டும் என்பதும் இத்தகைய சங்கங்களின் முதன்மை வாதங்களாக இருந்தன.

இதே காலத்தில் சுயமரியாதை இயக்கம் வேறொரு கோணத்திலிருந்து கர்ப்பத்தடையை ஆதரித்தது. 1925-இல் தொடங்கப்பட்ட ‘குடி அரசு’ இதழில் பெரியார் ஈ.வெ.ரா. இதனைத் தொடர்ந்து வலியுறுத்தினார். பிறர் உடல்நலம், பொருளாதாரம், நாட்டின் நிலை ஆகியவற்றைக் காரணமாகக் காட்டி ஆதரிக்க, பெண்கள் விடுதலையும் சுயேச்சையும் அடைவதற்கே கர்ப்பத்தடை தேவை என்று அவர் வேறுபடுத்திக் கூறினார். அவருடைய ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கர்ப்பத்தடை தனித் தலைப்பாகவே இடம்பெற்றுள்ளது.

விடுதலைக்குப் பின் இந்திய அரசு 1952-இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்றது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. அதன் விளைவாக எழுந்த வெறுப்பிற்குப் பின், 1977 முதல் ‘குடும்ப நலம்’ என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. கர்ப்பத்தடை, குடும்பக் கட்டுப்பாடு, குடும்ப நலம் என்னும் இச்சொற்களின் வரிசை நோக்கம் மாறிவந்ததைக் காட்டுகிறது. முதற்சொல்லின் மையத்தில் பெண்ணின் உடல் உள்ளது. இரண்டாம் சொல்லின் மையத்தில் குடும்பத்தின் அளவும், மூன்றாவதன் மையத்தில் அதன் வாழ்க்கைத்தரமும் உள்ளன. குழந்தை இம்மூன்றிலும் பயனாகவோ சுமையாகவோ சுட்டப்படுகிறதேயன்றி, அம்முடிவை உணர்ந்து வாழும் உயிராகச் சுட்டப்படவில்லை.

2. எண்ணாகிய குழந்தை

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் இரா.அ. கோபாலசாமி. இவர் தம் அறிக்கையில் ‘முன்யோசனையற்ற தாய்மை’ என்று தமிழில் கூறத்தக்க ஒரு கருத்தாக்கத்தை முன்வைத்தார். ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகளைப் பெற்று, அவற்றுள் ஒன்றேனும் உயிரோடிருக்கும் தாய்க்கு நிகழும் அடுத்த பிறப்பை இது குறித்தது. பின்னர் அவர் சென்னை மாநில அரசின் தலைமைச் செயலாளராகப் பணியாற்றினார். 1950களின் பிற்பகுதியில் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்கு 30 ரூபாய் வழங்கும் முறையைச் சென்னை மாநிலம் நடைமுறைப்படுத்தியது. இத்தகைய ஊக்கத்தொகையில் அம்மாநிலம் நாட்டிற்கே முன்னோடியாக விளங்கியது.

இக்கருத்தாக்கம் தாயைப் பற்றியதாகத் தோன்றினும், அதன் வழியே ஒரு குழந்தையும் வரையறுக்கப்படுகிறது. நான்காவதாகப் பிறந்த குழந்தை, எத்துணை அன்போடு ஏற்கப்பட்டிருந்தாலும், முன்யோசனையின்மையின் விளைவாகவே கணக்கில் நிற்கிறது. வறுமையையும் பேறுகால இறப்பையும் குறைக்க விரும்பிய நிர்வாகிகளின் அக்கறை உண்மையானதே. ஆயினும், அக்கறைக்கு அவர்கள் கையாண்ட மொழி பிறப்பின் வரிசையைத் தகுதியின் அளவுகோலாக ஆக்கியது.

1960களின் இறுதியில் பரவிய தலைகீழான சிவப்பு முக்கோணமும் நான்கு முகங்கள் கொண்ட சுவரோவியமும் இம்மொழியை எழுத்தறியாதவர்க்கும் கொண்டு சேர்த்தன. தந்தை, தாய், மகன், மகள் என அமைந்த அந்நான்கு முகங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவர்களிலும் பேருந்துகளிலும் இடம்பெற்றன. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்னும் முழக்கம் இரண்டு என்னும் எண்ணை மட்டுமே கூறியது. ஓவியமோ அவ்விருவருள் ஒருவன் மகன் என்பதையும் சேர்த்துக் கூறியது. இரு மகள்களைப் பெற்ற பெற்றோர் அச்சுவரைப் பார்த்தபோது, எண் நிறைவெய்தியும் ஓவியம் நிறைவெய்தாத நிலையையே கண்டனர். அச்சுவரைக் கடந்து பள்ளிக்குச் சென்ற மூன்றாம் மகளுக்கு அந்த ஓவியத்தில் இடமே இல்லை.

தமிழகத்தில் குடும்பக் கட்டுப்பாடு பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவையாகவே நிலைபெற்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் மணமான பெண்களுள் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை செய்துகொண்டது 0.1 விழுக்காடே. இடைவெளி விட்டுப் பெறுதல், காத்திருத்தல் போன்ற நெகிழ்வான முடிவுகளுக்கு மாறாக, அறுவை என்பது ஒரே நாளில் எடுக்கப்படும் இறுதி முடிவாகும். பிள்ளை பெற்ற மருத்துவமனையிலேயே, பிறந்தது ஆணா பெண்ணா என்பதைக் கேட்டபின் அம்முடிவு எடுக்கப்படுவதும் இயல்பு. ஆகவே, ஒவ்வொரு குடும்பத்திலும் எந்தக் குழந்தையோடு நிறுத்தப்பட்டது, எந்தக் குழந்தையோடு நிறுத்தப்படவில்லை என்பது எல்லோரும் அறிந்த செய்தியாகிறது. ‘நீ பையனாகப் பிறந்திருந்தால் உன்னோடு ஆபரேஷன் செய்திருப்போம்’ என்று மகளிடம் சொல்லப்படும் சொல் இச்சூழலில் விளைவதாகும்.

3. காக்கும் பெயரும் தடுக்கும் பெயரும்

பெற்றோரின் எண்ணம் குழந்தைக்குத் தெரியவரும் வழிகளுள் மிக வெளிப்படையானது பெயர். இழிபொருள் தரும் பெயர்களை இடும் வழக்கம் தமிழரிடையே பழைமையானது. குப்பன், குப்பாயி, பிச்சை, தவிடன் போன்ற பெயர்கள் அவ்வகையின. முன்பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுப்பதும், பிறர்க்குக் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவதும் வழக்கமாக இருந்தன. எவரும் விரும்பாத பொருள்போல் காட்டினால் கண்ணேறும் காலனும் அணுகமாட்டா என்பது நம்பிக்கை. சிறுவர்களிடம் விளையாட்டாக ‘உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சொல்லும் வழக்கம் இன்றும் எஞ்சியுள்ளது.

இப்பெயர்களை ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ ஆகிய பெயர்களோடு ஒன்றாகக் கருதுவது பிழையாகும். வடிவில் ஒத்திருப்பினும் நோக்கத்தில் இவை எதிரெதிரானவை. குப்பன் என்னும் பெயர், மிகவும் வேண்டப்பட்ட குழந்தையை வேண்டப்படாததுபோல் மறைத்துக் காக்கும் பெயர். அப்பெயரின் கதையைக் கேட்கும் குழந்தை, தன்னைக் காக்கப் பெற்றோர் பட்ட பாட்டை அறிகிறது. ‘போதும்பொண்ணு’ என்னும் பெயரோ அடுத்து மீண்டும் பெண் பிறவாமல் தடுக்க இடப்படுவது. இங்கே வேண்டுதல் பெயருடைய குழந்தைக்கானதன்று. இனிப் பிறக்க வேண்டிய தம்பிக்கானது. மகள் அவ்வேண்டுதலுக்குரிய கருவியாகிறாள்.

முதல் வகைப் பெயரின் பின்னணியில் குழந்தை இறப்பு உள்ளது. இரண்டாம் வகையின் பின்னணியில் குடும்ப அளவு பற்றிய முடிவு உள்ளது. தமிழகத்தில் 1970களின் தொடக்கத்தில் 1000 பிறப்புகளுக்கு 100-க்கும் மேலாக இருந்த சிசு இறப்பு 2020-இல் 13 ஆகக் குறைந்தது. பிறக்கும் பிள்ளை பிழைக்கும் என்னும் உறுதி ஏற்பட்டபின் காக்கும் பெயருக்குத் தேவை குறைந்தது. தடுக்கும் பெயருக்குரிய காரணமான மகன் விருப்பமோ அவ்வாறு மறையவில்லை. திருத்தணிக்கு அருகிலுள்ள நாராயணபுரத்தில் பெண் குழந்தைகளுக்கு ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் இந்நூற்றாண்டிலும் நாளிதழ்ச் செய்தியானது இதற்குச் சான்றாகும்.

பெயர் நாள்தோறும் வழங்குவதால் பொருள் தேய்ந்துவிடும் என்பது மறுக்கத்தக்கதன்று. ஓர் ஊரில் அப்பெயருடையோர் பலர் இருக்கும்போது எவரும் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்துத் தம்பி பிறந்துவிட்டால் ‘தம்பியை அழைத்து வந்தவள்’ என்னும் சிறப்பும் அவளுக்குக் கிடைப்பதுண்டு. ஆயினும், அச்சிறப்பு தம்பியின் வழியாக வந்தது. தம்பி பிறவாவிடில், பெயர் பலிக்காததன் குறையும் அவளையே சாரும். மேலும், ஊர்ப் பழக்கத்தில் தேய்ந்த பொருள் ஊருக்கு வெளியே மீண்டும் உயிர்பெறுகிறது. வேற்றூர்ப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும், கல்லூரிச் சேர்க்கையிலும், வேலைக்கான நேர்காணலிலும் பெயருக்குப் பொருள் கேட்கப்படும்போது, பெற்றோர் ஒருநாள் எடுத்த முடிவிற்கு மகள் விளக்கம் கூற வேண்டியவளாகிறாள்.

4. சிறு குடும்பமும் மிகுதியாகக் கருதப்பட்ட மகளும்

தமிழகத்தின் மொத்தக் கருவள வீதம் 1992-இல் ஏறத்தாழ 2.5 ஆகவும், 1998-99-இல் 2.2 ஆகவும், 2005-06-இல் 1.8 ஆகவும் குறைந்தது. 2019-21-இலும் அது 1.8 என்ற அளவிலேயே நின்றது. பெண்கல்வி, சத்துணவு, மருத்துவ வசதிப் பரவல், சமூக இயக்கங்களின் தாக்கம் ஆகியவை இவ்விரைவான மாற்றத்திற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இதன் பொதுப்பயன் குழந்தைகளுக்கே கிடைத்தது. இரு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒவ்வொருவரின் படிப்பிற்கும் உணவிற்கும் பெற்றோரின் நேரத்திற்கும் கிடைக்கும் பங்கு மிகுதி. மூத்த மகள் பள்ளியை விட்டு நின்று தம்பி தங்கையரை வளர்க்கும் நிலையும் அருகியது.

இப்பயன் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே சீராகக் கிடைக்கவில்லை. மோனிகா தாஸ் குப்தா, மாரி பட் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், கருவளக் குறைவு இரு எதிர்த்திசை விளைவுகளை உண்டாக்கும் என்று காட்டினர். குடும்பம் சிறுக்கும்போது, பாகுபாட்டிற்கு மிகுதியாக ஆளாகும் பிந்திய வரிசைப் பெண்களின் எண்ணிக்கை குறைகிறது. அதேவேளை, குறைந்த எண்ணிக்கைக்குள் மகன் கட்டாயம் வேண்டும் என்னும் நெருக்கடி கூடுவதால், ஒவ்வொரு வரிசையிலும் பாகுபாடு கடுமையாகிறது. பஞ்சாப் கிராமங்களைப் பற்றி 1987-இல் தாஸ் குப்தா வெளியிட்ட முந்தைய ஆய்வு, பாகுபாடு எல்லாப் பெண் குழந்தைகள்மீதும் ஒருசேர விழவில்லை என்பதையும், ஏற்கெனவே அக்காள் உள்ள பெண் குழந்தைமீதே மிகுந்து விழுந்தது என்பதையும் எடுத்துக்காட்டியது.

தமிழகத்தின் வரலாறும் இவ்விரு விளைவுகளையும் கொண்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 1000 ஆண்களுக்கு இருந்த பெண்களின் எண்ணிக்கை 1981-இல் 967, 1991-இல் 948, 2001-இல் 942, 2011-இல் 943 ஆகும். உசிலம்பட்டிப் பகுதியில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலை பற்றி 1986-இல் ‘இந்தியா டுடே’ வெளியிட்ட கட்டுரை நாடு முழுவதும் அதிர்ச்சியை உண்டாக்கியது. 1994-இல் வெளிவந்த ‘கருத்தம்மா’ திரைப்படம் அப்பொருளை ஊர்தோறும் கொண்டுசென்றது. ஆய்வுகளும் சட்டங்களும் பிறக்கவிடப்படாத, பிழைக்கவிடப்படாத பெண்களைப் பற்றி இயல்பாகவே மிகுதியாகப் பேசின. பிறந்து, பிழைத்து, அதே வீட்டில் வளர்ந்த மகள்களும் இவ்வரலாற்றுக்கு உரியவர்களே. தன் ஊரில் தன்னைப் போன்றோர்க்கு நேர்ந்ததைக் கேட்டு வளரும் சிறுமி, தான் உயிரோடிருப்பதைப் பிறர் அளித்த சலுகையாக எண்ண நேரிடும்.

5. தன்மதிப்பு குறித்த ஆய்வுகள் காட்டுவன

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட நூல் தன்மதிப்பு ஆய்விற்கு அடித்தளமானது. நியூயார்க் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஏறத்தாழ 5000 பேரை அவர் ஆராய்ந்தார். அவருடைய முடிபுகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, மூத்த சகோதரிகளுக்குப் பின் பிறந்த ஆண் பிள்ளைகளிடம் தன்மதிப்பு உயர்ந்து காணப்பட்டது. குடும்பம் நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை அக்காத்திருப்பின் மதிப்பைத் தன் மதிப்பாக ஏற்கிறது என்று இதனை விளக்கலாம். மற்றொன்று, பெற்றோர் கண்டிப்பதைக் காட்டிலும் பொருட்படுத்தாமல் விடுவது தன்மதிப்பைக் குறைப்பதோடு தொடர்புடையதாக இருந்தது. பிள்ளையின் நண்பர் யார், மதிப்பெண் என்ன என்று அறிய விரும்பாத பெற்றோரின் பிள்ளைகள், தண்டிக்கப்பட்ட பிள்ளைகளைவிடத் தம்மைத் தாழ்வாக மதிப்பிட்டனர்.

முதல் முடிபைத் தமிழ்க் குடும்பத்தில் வைத்துப் பார்க்கும்போது அதன் மறுபக்கம் புலனாகிறது. தவமிருந்து பெற்ற தம்பிக்குக் கிடைக்கும் மதிப்பும், அவனுக்கு முன் பிறந்த மூன்றாம் அக்காள் இழக்கும் மதிப்பும் ஒரே முடிவின் விளைவுகளாகும். மகன் பிறக்கும்வரை தொடர்வது என்னும் முடிவு, ஒரு பிள்ளையை இலக்காகவும் இடையில் பிறந்தவர்களை அவ்விலக்கிற்குச் செல்லும் வழியாகவும் பிரிக்கிறது.

இரண்டாவது சான்று செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரிலிருந்து கிடைக்கிறது. ஒரே கருவைக் கலைக்க இருமுறை விண்ணப்பித்து மறுக்கப்பட்ட தாய்மார்க்கு 1961-63 காலத்தில் பிறந்த 220 குழந்தைகளையும், அவர்களுக்கு இணையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விரும்பிப் பெறப்பட்ட 220 குழந்தைகளையும் ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். ஒன்பது வயதில் அறிவுத்திறனில் இரு குழுவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆயினும், முதற்குழுவினர் பள்ளி மதிப்பெண்ணிலும் உடன்பயில்வோரின் ஏற்பிலும் சற்றுப் பின்தங்கியிருந்தனர். வளரிளம் பருவத்திலும் இளமையிலும் வேறுபாடு விரிந்தது. வாழ்வில் நிறைவு குறைந்தவர்களாக அவர்கள் தம்மை மதிப்பிட்டனர். அதேவேளை அவ்வேறுபாடுகள் குழுவின் சராசரி பற்றியவை. விரும்பாமல் பெறப்பட்ட பலர் நன்கு வளர்ந்தனர் என்பதும் அவ்வாய்விலிருந்தே அறியப்படுகிறது.

இவ்விரு ஆய்வுகளும் வேற்றுச் சமூகங்களில் நிகழ்ந்தவை. அவற்றின் அளவுகளை அப்படியே தமிழகத்திற்குப் பொருத்துதல் முறையன்று. பாட்டி, அத்தை, மாமன் என விரிந்த உறவுகளுக்கிடையே வளரும் குழந்தைக்குப் பெற்றோரின் ஏமாற்றம் ஒன்றே கண்ணாடியாக அமைவதில்லை. ‘அஞ்சாம் பெண் கெஞ்சினாலும் கிடைக்காது’ என்று பேத்தியைக் கொண்டாடும் பழமொழியும் இதே உறவுச் சூழலில்தான் வழங்குகிறது. ஆனாலும் அவ்வாய்வுகள் ஒரு நெறியைத் தெளிவாக்குகின்றன: கருவுற்றபோது இருந்த விருப்பமின்மை தன்னளவில் குழந்தையைச் சென்றடைவதில்லை. பெயர், பேச்சு, ஒப்பீடு, பாராமுகம் ஆகிய வழிகளில்தான் அது சென்றடைகிறது. எனவே, வேண்டாமல் உண்டான கருவும் வேண்டப்பட்ட குழந்தையாக வளரக்கூடும். திட்டமிட்டுப் பெற்ற பிள்ளையும் பால் மாறிப் பிறந்ததால் வேண்டாததாக ஆகக்கூடும்.

6. அரசு அளித்த ஈடு

1992-இல் தமிழக அரசு இருவகைத் திட்டங்களைத் தொடங்கியது. சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம், கைவிட எண்ணும் குழந்தையை அரசிடம் ஒப்படைக்க வழிசெய்தது. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், மகள்களை மட்டும் பெற்ற ஏழைப் பெற்றோர்க்கு வைப்புத்தொகை வழங்கியது. பிற்காலத்தில் திருத்தப்பட்ட விதிகளின்படி ஒரே மகளுக்கு 50,000 ரூபாயும், இரு மகள்கள் எனில் ஒவ்வொருவர்க்கும் 25,000 ரூபாயும் வைப்பு வைக்கப்பட்டு, 18 வயது நிறைந்தபின் வழங்கப்படுகின்றன. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்திருத்தல், ஆண் குழந்தை இல்லாதிருத்தல், ஆண் குழந்தையைத் தத்தெடுக்காதிருத்தல் ஆகியவை இதற்குரிய நிபந்தனைகளாகும்.

மகளின் நலமும் பெற்றோரின் குடும்பக் கட்டுப்பாட்டு முடிவும் இத்திட்டத்தில் நேரடியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. இதனை இருவகையாக மதிப்பிடலாம். மகனில்லாமை ஓர் இழப்பு என்றும், அதற்கு அரசு ஈடு தருகிறது என்றும் நிபந்தனைகள் உணர்த்துகின்றன. மூன்றாவதாகப் பிறந்த மகளும், தம்பியுடைய மகளும் இதன் வரம்பிற்குள் வருவதில்லை. பாகுபாட்டின் சுமையை மிகுதியாகத் தாங்கும் பெண்ணே இவ்வாறு விலக்கப்படுகிறாள்.

மறுபுறம், இரு மகள்களோடு நிறுத்திக்கொள்வது ஏற்கத்தக்க முடிவு மட்டுமன்று, பாராட்டத்தக்க முடிவும் ஆகும் என்னும் கருத்தை இத்திட்டம் ஊரறியச் செய்தது. தன் பெயரில் வைப்புப் பத்திரம் இருக்கும் சிறுமி, தன் பெற்றோர் மகனுக்காகத் தொடரவில்லை என்பதை அறிகிறாள். ‘போதும்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இருபொருள் உண்டு. சலித்து விலக்குவதும் போதும். நிறைந்து அமைவதும் போதும். ‘போதும்பொண்ணு’ என்னும் பெயரில் ஒலிப்பது முதற்பொருள். ‘எங்களுக்கு இவள் ஒருத்தி போதும்’ என்று கூறும் பெற்றோரின் வாயில் ஒலிப்பது இரண்டாம் பொருள். பிள்ளைப்பேறு நிறுத்தப்பட்டது என்னும் செயல் இரண்டிடத்தும் ஒன்றே. அதனை மகள் எப்பொருளில் கேட்டு வளர்கிறாள் என்பதே வேறுபாடு.

7. பெயர் மாற்றமும் மதிப்பு மீட்பும்

மகாராட்டிரத்திலும் இதையொத்த வழக்கம் உண்டு. வேண்டாதவள் என்னும் பொருளில் ‘நகுசா’ எனப் பெயரிடப்பட்ட 280-க்கும் மேற்பட்ட சிறுமியர்க்கு 2011 அக்டோபரில் சதாரா மாவட்ட நிர்வாகம் விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. சிறுமியர் பலர் தாம் விரும்பிய பெயரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். பெயரைப் பெற்றோர் இட, குழந்தை ஏற்பது என்னும் முறை அன்று தலைகீழாயிற்று.

பெயரில் மதிப்பு உறைகிறது என்னும் புரிதல் தமிழகத்திற்குப் புதியதன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்ப்பதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. பெண்களுக்கு ஆண்களோடு ஒத்த சொத்துரிமை வேண்டும் என்றும் அம்மாநாடு கோரியது. பிறப்பினால் வந்து சேரும் இழிவைப் பெயரிலிருந்து நீக்குவதும், பொருளுரிமையால் மதிப்பை உறுதிசெய்வதும் இணைந்தே நிகழ வேண்டும் என்பது அத்தீர்மானங்களின் உட்கிடை. மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கிய 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இவ்வழியில் வந்தது.

இன்று தமிழகத்தில் வயதுவந்த எவரும் உரிய விண்ணப்பம் அளித்து, அரசிதழில் அறிவிக்கச் செய்து பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், அதற்குமுன் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் என எல்லா ஆவணங்களிலும் பழைய பெயர் பதிந்துவிடுகிறது. தன்மதிப்பு உருவாகும் பள்ளிப் பருவம் முழுவதும் அப்பெயரோடுதான் கழிகிறது. ஆகவே, பெயர் மாற்றம் பிற்காலத் தீர்வே. பெயரிடும் நாளில் தேவைப்படும் கவனத்திற்கு அது ஈடாகாது.

முடிவுரை

தமிழகக் குடும்பக் கட்டுப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் வெற்றி வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தாய்மாரின் நலம், குழந்தைகளின் பிழைப்பு, பெண்கல்வி ஆகிய துறைகளில் அவ்வெற்றி உண்மையானது. அவ்வெற்றியைக் கருவள வீதத்தாலும் அறுவை எண்ணிக்கையாலும் மட்டும் அளந்தபோது, பிறந்த குழந்தையின் உள்ளம் அளவைக்கு வெளியே நின்றது.

குடும்பம் சிறிதாவதால் மட்டும் குழந்தையின் தன்மதிப்பு உயர்வதுமில்லை. பெரிதாவதால் மட்டும் தாழ்வதுமில்லை. மகன் விருப்பத்தோடு சேர்ந்த சிறு குடும்ப நெறி, எண்ணிக்கைக்கு மேற்பட்டவளாகக் கருதப்பட்ட மகளின் சுமையைக் கூட்டியது என்பதை மேற்கண்ட சான்றுகள் புலப்படுத்துகின்றன. காக்கும் பெயருக்கும் தடுக்கும் பெயருக்கும் இடையிலான வேறுபாடு, அச்சுமை எவ்வாறு குழந்தையிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

பெற்றோரின் முடிவுரிமையை மறுப்பது இதற்குத் தீர்வன்று. பெரியார் வலியுறுத்தியதுபோல், எப்பொழுது பெறுவது, பெறாமல் இருப்பது என்பதைப் பெண் தன்னுரிமையோடு முடிவு செய்யும் நிலை வளர வளர, வேண்டாமல் பெறப்படும் குழந்தைகளும் குறைவர். அவ்வகையில் தாயின் சுயமரியாதையும் பிள்ளையின் தன்மதிப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. குடும்பநல ஆலோசனையில் ‘எத்தனை’, ‘எப்போது’ என்னும் வினாக்களோடு, பிறந்த பிள்ளையிடம் அம்முடிவை எவ்வாறு கூறப்போகிறோம் என்னும் வினாவும் இடம்பெற வேண்டும். மகளை நோக்கிச் சொல்லப்படும் ‘போதும்’ நிறைவின் சொல்லாக அமைவதற்கு அவ்வினாவே தொடக்கமாகும்.